சுண்ணாம்பு அடித்த மரங்கள்

மிஷின் சுற்ற ஆரம்பித்துவிட்டால், அது நிற்கும்வரை ஆள் அதன் கண்ணில் படக் கூடாது. முக்காலி ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்துகொண்டு அது தன் தலையை மெல்லத் திருப்பும். கண்ணுக்குத் தெரியாத லேசர் கதிரைச் சுற்றிலும் வீசும். கதிர் எதில் பட்டுத் திரும்புகிறதோ அங்கே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளும். இலையில் ஒன்று, பட்டையில் ஒன்று, கிளை நுனியில் ஒன்று என்று கோடிக்கணக்கான புள்ளிகள். எல்லாம் சேர்ந்தால் ஒரு காடு. குறுக்கே ஆள் நின்றால் ஆளும் காட்டோடு சேர்ந்துவிடுவான். அதனால் நானும் மேடமும் ஸ்டாண்டைத் தரையில் அடித்த முளைக்குச்சியின் மேல் நிறுத்தி, பொத்தானை அழுத்திவிட்டு, ஓடிப்போய் ஒரு பாறைக்குப் பின்னால் குத்தவைத்து உட்காருவோம். அது முடிந்ததும் மிஷினைத் தூக்கிக்கொண்டு அடுத்த முளைக்குச்சி. மறுபடியும் ஒளிவது.

பிழைப்புக்காகப் பல வேலைகள் செய்திருக்கிறேன். ஒளிந்துகொள்வதற்காக என்னை யாரும் வேலைக்கு வைத்ததில்லை.

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. விசைத்தறி, லாரி கிளீனர், பரோட்டாக் கடை, கடைசியில் திருச்செங்கோட்டு ரிக் வண்டி. போர்வெல் போடும் அந்த வண்டியில் ஏறிவிட்டால் மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஒரு ஊரில் துளை போட்டு முடித்தால் அந்த ஊருக்குத் திரும்பப் போக வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு நாள் குழாய் நழுவிப் பாதத்தில் விழுந்து எலும்பு நொறுங்கியது. கூட இருந்தவர்கள் கட்டுப் போட வைத்து ரயிலேற்றிவிட்டார்கள். சேலத்தில் இறங்கி, ஏற்காடு பஸ்ஸில் ஒரு காலை நடைபாதையில் நீட்டியபடி அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். போக வேறு இடம் இருக்கவில்லை.

அக்காவுக்குத் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை. மாமா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் அக்கா தனியாக இருந்தாள். ஓர் அறை, ஓர் அடுப்படி. வேலை இருக்கும்வரைதான் வீடு. இது அந்த வரிசையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

கால் ஊன்ற ஆரம்பித்த சமயத்தில்தான் மேடம் வந்தார். நாகர்கோவில்காரர், காடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டத்துக்கு எழுதுகிறவர். எஸ்டேட்டின் உச்சியில், காப்பி போடாமல் விட்டுவைத்த ஒரு துண்டுக் காடு உண்டு. நாவல், காட்டுப்பலா, சந்தன வேம்பு, பெயர் தெரியாத கொடிகள். அதை ஒரு வருடம் அளக்க எஸ்டேட் அனுமதி கொடுத்திருந்தது. ஒரே நிபந்தனை, எஸ்டேட் ஆள் ஒருவர் எப்போதும் கூட இருக்க வேண்டும், கேட் சாவி அந்த ஆளிடம் இருக்க வேண்டும். ஆள் பார்க்கும் பொறுப்பு ரைட்டருடையது. வேலையாட்களுக்குத் தினமும் வேலை பிரித்துக் கொடுக்கிறவர் அவர்தான். நேராக அக்காவிடம் வந்தார். நான் உள்ளே படுத்திருந்தேன்.

"உன்ற தம்பி காலு தேறிருச்சாமா?"

"நடக்கறானுங்க. கொஞ்சம் இழுக்குது."

"இழுத்தாப் போச்சாது, பரவால்ல. மிஷின் தூக்கோணும், அவ்வளவுதான். ஆனா ஒரு வருசம். நடுவால கம்பி நீட்டுனான்னு வெய்யி, அவனை நான் தேடிட்டுத் திரிய மாட்டன். உன்னத்தான் கேப்பன்."

"எங்கீங்க போறான். நான் பாத்துக்கறனுங்க."

அந்தச் சாவியை ரைட்டர் என்னிடம் கொடுக்கவில்லை. அக்காவிடம்தான் கொடுத்தார். அவள் அதைக் கயிற்றில் கோத்து என் இடுப்பில் கட்டினாள். "எங்கியும் தொலைச்சுப்போடாத சாமி," என்றாள். சாவியைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

வேலை என்ன என்பதை மேடம் முதல் நாளே விளக்கமாகச் சொன்னார். ஒரு வருடத்தில் இந்தக் காடு எவ்வளவு விளைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். வயலில் விளைந்ததை அறுத்துத் தூற்றிப் பார்த்துவிடலாம். காட்டை அறுக்க முடியாது. அதனால் தை மாதம் ஒருமுறை லேசரால் முழுதாகப் படம் எடுப்பது, அடுத்த தையில் அதே முளைக்குச்சிகளில் நின்று மறுபடி எடுப்பது, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து எங்கே எவ்வளவு கூடியது என்று பார்ப்பது. நடுவில் நெஞ்சுயரத்தில் மரங்களைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த எஃகுப் பட்டை. மரம் பருத்தால் பட்டை விரியும். விழும் இலைகளைப் பிடிக்க அங்கங்கே குழாய் வளையத்தில் கட்டிய வலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அந்த இலைகளை எடுத்துக் காயவைத்து எடை போட வேண்டும். தரையில் கிடக்கும் பட்ட மரங்களிலும் அலுமினியத் தகட்டில் நம்பர் அடித்து வைத்திருந்தார்.

"கயிறு கட்டின இந்தச் சதுரத்துக்குள்ள யாரும் எதையும் தொடக் கூடாது," என்றார். "விழுந்த குச்சி விழுந்த இடத்துலயே கிடக்கணும்."

முதல் படம் எடுத்து முடித்த வாரம், டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பை வைத்துக் காட்டினார். கறுப்புத் திரையில் எங்கள் காடு மிதந்தது. மேலிருந்து பார்க்கலாம், பக்கவாட்டில் சாய்க்கலாம், தரைக்கு அடியில் புகுந்து அண்ணாந்து பார்க்கலாம். சதுரத்தின் ஓரத்தில் மட்டும் காடு கத்தியால் நறுக்கியதுபோல நின்றுவிட்டது. அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. ஒரு பாறைக்கு மேலே உருண்டையாக ஏதோ தெரிந்தது.

"இது என்னங்க மேடம்?"

"உங்க தலை. எட்டிப் பாத்திருக்கீங்க."

"முடிஞ்சிருச்சான்னு பாத்தனுங்க."

அவர் அந்த உருண்டையைச் சுற்றி ஒரு கோடு போட்டு அழுத்தினார். தலை போய்விட்டது.

"போச்சா," என்றார் டீக்கடைக்காரர். "இருந்ததே அது ஒண்ணுதான்."

முதல் சில மாதங்கள் எப்படியோ போயின. எனக்குப் பழகாதது ஒன்றே ஒன்றுதான், போன இடத்துக்கே திரும்பப் போவது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே சரிவு, அதே கேட், அதே வலை. மழைக்காலத்தில் அட்டை. ஐப்பசியில் மேகம் எஸ்டேட்டின் மேல் உட்கார்ந்தால் வாரக்கணக்கில் எழுந்து போகாது. காப்பிச் செடிகளுக்குள் காட்டெருமை நிற்பது பத்தடிக்கு வந்தபின்தான் தெரியும். துணி காயாது. கால் எலும்பு உள்ளுக்குள் வலிக்கும். அடிவாரத்துக்கு ஓடும் பஸ் ஒவ்வொரு வளைவிலும் அடிக்கும் ஹாரன் மட்டும் காதில் விழும், பஸ் கண்ணில் படாது. அதைக் கேட்டுக்கொண்டு எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். ஏறிப் போயிருக்கலாம். யாரும் பிடித்து நிறுத்தப்போவதில்லை. ஆனால் மறுநாள் காலை ரைட்டர் லைன் வாசலில் நின்று யாரைக் கூப்பிடுவார் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஏறவில்லை. ஒரு வருடம்தானே என்று இருந்தேன்.

பொங்கல் கழிந்ததும் ரிக் மேனேஜர் போன் செய்தார். வண்டி கம்ப்ரசர் வேலைக்காகத் திருச்செங்கோட்டுக்கு வந்திருக்கிறது, வேலை முடிந்ததும் ஜபல்பூர் பக்கம் போகிறது, கால் சரியாகிவிட்டதென்றால் வரலாம் என்றார். வருகிறேன் என்றேன். அக்காவிடமும் சொல்லிவிட்டேன். இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. கடைசிப் படம். அது முடிந்தால் ரைட்டரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, எல்லோரும் பார்க்க, பகலில் பஸ் ஏறலாம்.

அந்தக் கடைசிப் படத்துக்குக் காற்று அசையக் கூடாது. இலை ஆடினால் ஒரே இலை திரையில் இரண்டாக, மூன்றாக விழும். மூடுபனியும் கூடாது. பனித்துளிமேல் கதிர் பட்டு, ஒன்றுமில்லாத இடத்தில் புள்ளி விழும். அந்தத் தையில் காலையில் மூடுபனி, அது விலகினால் காற்று. தினமும் மிஷினைச் சுமந்து மேலே போவது, பாறைமேல் உட்கார்ந்து ஒரு நாவல் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பது, மதியம் இறங்கி வருவது. மிஷினும் இரவல்தான். மாதக் கடைசிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"நீங்க என்னைவிட அதிகமா வானத்தைப் பாக்கறீங்க," என்றார் மேடம் ஒரு நாள்.

"வண்டி கெளம்பிருமுங்க."

"எனக்கும் எல்லாம் இதோட முடியணும். அம்மா தினமும் போன்ல கேக்கறாங்க, ஒரு மரம் வளர இவ்வளவு நாளான்னு."

அதன்பின் வானம் முழுசாகவே மூடிக்கொண்டது. சில நாளைக்கு வேலை இருக்காது என்று தெரிந்ததும் மேடம் சேலத்துக்குப் போனார். அவருடைய பேராசிரியர் கடைசிப் படம் எடுக்கும் நாளில் வருவதாக இருந்தது, அவரை அழைத்துவர வேண்டும். போகும்போது ரைட்டரிடம், "என் புரொபசர் வர்றார் சார், அன்னைக்குக் கார் மேலவரைக்கும் வர விடணும்," என்று மட்டும் சொன்னார். நான் திருச்செங்கோட்டுக்குப் போனேன். பட்டறையில் வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். என்னோடு முன்பு வேலை செய்தவர்கள் என் காலைப் பார்த்து, நொண்டிக் குதிரை வந்துவிட்டது என்றார்கள். மேனேஜர் நாள் சொன்னார். வானிலையும் தெளியும் என்று போனில் வந்தது. எல்லாம் கூடி வருவதுபோல இருந்தது. சாயங்கால பஸ்ஸில் மலையேறும்போது, இந்த வளைவுகளை இனி இறங்கும்போது ஒரே ஒருமுறை பார்த்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டியிருக்கவில்லை. அக்கா களி கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்படிச் சுவரோரம் நல்ல காய்ந்த விறகு இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தது. எஸ்டேட்டில் அப்படி விறகு கிடைப்பது அபூர்வம். செருப்பைக் கழற்றக் குனிந்தபோது, ஒரு கட்டையில் அலுமினியத் தகடு மின்னியது. அதில் நம்பர்.

"இந்த வெறகு ஏதுக்கா?"

"மேக்காட்டுலதான்."

"எந்த மேக்காடு?"

"உன்ற காடுதான்டா. வேற எந்தக் காட்டுல இந்தாட்டம் வெறகு கெடக்குது."

அவள் அதைச் சொல்லும்போதே சிரித்தாள். எனக்குச் சொல்லாமல் வைத்திருந்து சொல்கிற சந்தோஷம்.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளியோ பெரிய ஆபீசரோ வருகிறார் என்றால் முந்தின நாளே களை வெட்டி, சருகு கூட்டி, வழியோர மரங்களுக்கு நெஞ்சுயரம்வரை சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். வருகிறவரிடம் கேட்டுக்கொண்டா கூட்டுவார்கள்? கேட்பதே மரியாதைக் குறைவு. புரொபசர் வருகிறார் என்று கேட்டதும் ரைட்டர் பெண்கள் எல்லோரையும் மேலே அனுப்பிவிட்டார். முன்னால் நின்று நடத்தியது அக்கா. மாற்றுச் சாவி ஆபீசில் இருந்தது.

"அந்தப் புள்ள ஒரு வருசமாப் பாடுபட்டிருக்குது. காடு கெடக்கற கெடையப் பாத்தா வர்றவரு என்ன நெனைப்பாரு? பொதரும் முள்ளும். நீயும் ஒரு வருசமாப் போய்ட்டு வர்றே, ஒரு குச்சியப் பொறுக்கிப் போட்டிருப்பியா? வலை பூராம் சருகு. எல்லாத்தையும் கொட்டி, ஓடைல அலசிக் காயவெச்சு, இருந்த மாதிரியே கட்டிப்போட்டம். அவுத்த முடிச்சு மாறல, பாத்துக்க."

"சுண்ணாம்பு?"

"அடிக்காம வருவமா? நாளைக்குப் போய்ப் பாரு. கல்யாண ஊடாட்டம் இருக்கும்."

களியை உருட்டித் தட்டில் வைத்தாள். விரல் நுனிகளெல்லாம் சுண்ணாம்பில் வெந்து சிவந்திருந்தன. தேங்காயெண்ணெய் தடவியிருந்தாள். சொல்ல வாயைத் திறந்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன். "இன்னும் ரெண்டு நாளைக்குத்தானே தின்னப்போறே," என்று இன்னொரு உருண்டை வைத்தாள்.

மறுநாள் காலை ஓர் இலைகூட அசையவில்லை. வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. நாங்கள் ஒரு மாதமாகக் காத்திருந்த காலை. பேராசிரியர் வரவில்லை, காய்ச்சல் என்று சேலத்துக்கே வராமல் நின்றுவிட்டாராம். மேடம் மட்டும் மிஷினோடு ஜீப்பில் வந்து இறங்கினார். கேட்டைத் திறக்கும் முன், "மேடம், ஒரு நிமிசமுங்க," என்றேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே, "நேரமில்ல, வாங்க வாங்க," என்று எனக்கு முன்னால் போய்விட்டார்.

கேட்டுக்கு உள்ளே மிஞ்சின சுண்ணாம்பில் கோலம் போட்டிருந்தது. மேடம் அதைத் தாண்டிக் கால் வைத்து, நின்றுவிட்டார்.

காடு வெளேரென்று இருந்தது. தரையில் ஒரு சருகு இல்லை, துடைப்பக் கோடுகள்தான். புதர், சிறு கன்றுகள், கொடி, எல்லாம் போயிருந்தன. ஒவ்வொரு மரமும் இடுப்பில் வெள்ளை வேட்டி கட்டியதுபோல நின்றது. வலைகள் பளிச்சென்று தொங்கின. பட்ட மரங்கள் கிடந்த இடத்தில் ஈரத்தழும்பு மட்டும். மேடம் ஒரு நாவல் மரத்துக்குப் போய் எஃகுப் பட்டையைத் தொட்டார். ஸ்பிரிங்குக்குள் சுண்ணாம்பு புகுந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினார். பிறகு இன்னொரு மரம். பிறகு போய்ப் பாறைமேல் உட்கார்ந்துகொண்டார்.

"யாரு?" என்றார்.

"எஸ்டேட் பொம்பளைகதானுங்க. உங்க புரொபசர் வர்றாருன்னு."

"நான் ரைட்டர்கிட்ட கேக்கறேன். எழுதியே கொடுத்திருக்கேன் அவங்களுக்கு, உள்ள வரக் கூடாதுன்னு."

"கேக்காதீங்க மேடம்."

"ஏன்?"

"எங்க அக்காதானுங்க முன்னாடி நின்னு செஞ்சது. நீங்க கேட்டா அவரு அவமேலதான் போடுவாரு. அவளுக்கு இருக்கறது அந்த லைன் ஊடு ஒண்ணுதான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "வலையைத் துவைச்சிருக்காங்க," என்றார். "துவைச்சு, அதே முடிச்சுப் போட்டிருக்காங்க." பிறகு அழவும் செய்தார்.

கடைசியில் அவரே எழுந்து, காற்றில்லாத நாளை வீணாக்க வேண்டாம் என்றார். எல்லா முளைக்குச்சியிலும் நின்று படம் எடுத்தோம். புதர் போய்விட்டதால் மிஷின் எங்களை எங்கிருந்தாலும் பார்த்தது. பாறைக்குப் பின்னால் மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டோம். அப்படிப் படுத்தபடிதான் அவர் சொன்னார். பெரிய மரங்களின் கணக்கு ஒப்பேறும். ஆனால் காடு என்பது பெரிய மரங்கள் மட்டும் இல்லை. கீழே இருந்தது எவ்வளவு கூடியது, எவ்வளவு பட்டுப்போனது என்று இனிச் சொல்ல வழியில்லை. எஃகுப் பட்டைகளை மாற்றி, இன்றிலிருந்து புதிதாக ஆரம்பித்து, அடுத்த தைவரை பார்க்க வேண்டும்.

"நான் எப்படியாவது கேட்டு ஒரு வருஷம் வாங்கிடுவேன். யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க இருப்பீங்களா?"

மண் மூக்கில் பட்டது. நான் யோசித்தது இதுதான். நான் கிளம்பினால் ரைட்டர் மேடத்திடம், வேலை முடிந்ததா என்று கேட்பார். முடியவில்லை என்றால் ஏன் என்பார். புது ஆள் வந்தால் அவனும் கேட்பான். நான் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். போன வருடமும் இவன்தான், இந்த வருடமும் இவன்தான்.

"இருக்கறனுங்க," என்றேன்.

மேனேஜருக்கு அன்று மதியமே போன் செய்தேன். "ஏப்பா, நேத்துதானே வந்து வண்டியத் தடவிக் குடுத்துட்டுப் போனே," என்றார். "சரி, மரத்துக்குக் காவலிரு. அது எங்கியும் ஓடாது." வண்டி கிளம்பிப் போய்விட்டது.

அக்காவிடம் மட்டும், மேடம் இன்னொரு வருடம் இருக்கச் சொல்கிறார், நானும் சரி என்றுவிட்டேன் என்று சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் ஓர் இடத்தில் நிலைக்க வேண்டும் என்று அவள் வேண்டாத கோயில் இல்லை. நான் மனசு மாறிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாள். லைனில் எல்லோரிடமும் சொன்னாள். தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள், "என்னுங்க, நெலைச்சுட்டீங்களாமா?" என்று கேட்டார்கள். அது போதாதென்று, கொஞ்ச நாளில் கரடியூரில் ஒரு பெண் பார்த்தாள்.

"நல்ல குடும்பம். சொந்தமா மொளகுக் கொடி இருக்குது. காலு கொஞ்சம் நொண்டும்னு நானே சொல்லீட்டன். போச்சாதுன்னுட்டாங்க. மின்னப்போல திரியறவனான்னு கேட்டாங்க. அதெல்லாம் ஓஞ்சு போச்சுங்கன்னன்."

"யாரக் கேட்டுச் சொன்னே?"

"ஆரக் கேக்கோணும்? ஒரு வருசம் இருக்கறன்னு நீயா வந்து சொன்னியே. ஞாயித்துக்கெழமை ஊடு பாக்க வர்றாங்க. அந்த வேட்டியத் தொவைச்சு வெய்யி."

நான் மறைத்தது அவளைக் காப்பாற்ற. அதை மறைத்ததனாலேயே அவள் என்னைச் சுற்றி ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தாள். கரடியூர்க்காரர்கள் வருவதற்கு முந்தின நாள், அவள் வாசலில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். சருகு, பட்ட மரம், ஸ்பிரிங், எல்லாம். எடை போட வேண்டியதை ஓடையில் விட்டதையும், அந்த விறகில் களி வெந்ததையும். கடைசியில், அதனால் ரிக் வண்டியை விட்டதையும்.

கத்தி நின்றது.

"அட கெரகமே," என்றாள். எதிர்வீட்டுக் கோழி வந்து அவரைக்காய் நாரைக் கொத்திக்கொண்டு போனது. அவள் விரட்டவில்லை.

"அப்ப நான் போய்க் கூட்டுனதுனாலதான் நீ இன்னொரு வருசம் இருக்கறே?"

"ஆமா."

"அடுத்த வருசம் எப்பக் கூட்டோணும்னு மின்னாடியே சொல்லிப்போடு சாமி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. பிறகு அவள் முகம் மாறியது. மீதிக் காயை நறுக்காமல் எழுந்து கரடியூருக்குப் போன் போட்டு, வர வேண்டாம், ஒரு வருடம் போகட்டும் என்றாள்.

மறுநாள் அவளே ரைட்டரைப் பார்க்கப் போனாள். போகாதே என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

"என்ன சொன்னாரு?"

"கூட்டச் சொன்னது நானு, கூட்டுனது நீயி, இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குதுன்னாரு. மேல ஆபீசுக்குத் தெரிஞ்சா மொதல்ல அவரு தலைதானாமா உருளும். வாயத் தொறக்காத தாயீன்னு காப்பி வாங்கிக் குடுத்தாரு."

ஆக, பயந்திருக்க வேண்டியவர் அவர். இத்தனை நாள் நான் பயந்துகொண்டிருந்தேன். மண்ணில் குப்புறப் படுத்துக்கொண்டு யோசித்ததெல்லாம் ஒன்றுமில்லாததற்காக.

"மேடத்துகிட்டயும் பேசீட்டன்," என்றாள். "கொட்டுனது நானு. இனிமே அந்த எலையெல்லாம் நானே பொறுக்கித் தர்றன்னு சொல்லிப்போட்டன். மிஷினெல்லாம் அடுத்த தைக்குத்தானாமா. அதுவரைக்கும் நீ இங்க என்னத்துக்கு? போறதுன்னாப் போ. என்னையச் சாக்குச் சொல்லிட்டு உக்காராத."

கோபத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னாள். நான் உடனே மேனேஜரைக் கூப்பிட்டேன். எடுத்ததும் கம்ப்ரசர் சத்தம் காதைப் பிளந்தது. அவர் கத்திப் பேசினார். ஜபல்பூர் தாண்டி வேலை நடக்கிறது, என் இடத்துக்கு ஒரு ஒடிசாப் பையனை ஏற்றிக்கொண்டார்கள், இனி மழைக்காலத்துக்கு வண்டி ஊர் திரும்பி ஆயுதபூஜை கழித்துத்தான் கிளம்பும், அப்போது பார்க்கலாம். அந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கேட்டிருப்பேன். அவர் வைத்துவிட்டார்.

சரி, ஆயுதபூஜைவரை அக்காவுக்கு வேலை பழக்கிவிடலாம் என்று எண்ணினேன். பழக்க என்ன இருக்கிறது, வலையிலிருந்து பைக்கு மாற்றுவது, பையில் வலையின் நம்பரை எழுதுவது. அடுத்த முறை இலை எடுக்கும் நாளில் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மரங்களில் சுண்ணாம்பு பாதி உரிந்திருந்தது. தரையில் புதிதாகச் சருகு விழ ஆரம்பித்திருந்தது. கயிறு கட்டின எல்லைக்கு வந்ததும் அக்கா செருப்பைக் கழற்றினாள். பிறகு அங்கேயே நின்றுகொண்டாள்.

"வாக்கா."

"நீ எடு. நான் பாக்கறன்."

"பாத்தா எப்படிப் பழகறது? உள்ள வந்து எடு."

"கால் வெக்கற எடத்துல பூராம் சருகு கெடக்குதேடா. மிதிச்சா நொறுங்கும்."

"நொறுங்குனாப் பரவால்ல. வலைல இருக்கறது மட்டுந்தான் கணக்கு."

"அன்னைக்கும் பரவால்லன்னுதான் நெனச்சன்."

அவள் தோளில் ஒரு காய்ந்த இலை விழுந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இதை எங்கே போடுவது என்பதுபோல என்னைப் பார்த்தாள். கயிற்றுக்கு வெளியே விழுந்தது, எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்றேன். அவள் குனிந்து, அதைக் கயிற்றுக்குக் கீழாகக் கையை நீட்டி உள்ளே வைத்தாள். அதுவும் தப்போ என்று உடனே மறுபடி வெளியே எடுத்தாள்.

அதற்குப் பிறகும் சில தடவை வந்தாள். ஒரு தடவைகூடக் கயிற்றைத் தாண்டவில்லை. பையைப் பிடித்துக்கொள்வாள், கட்டுவாள், நம்பர் எழுதுவாள். ஒவ்வொரு முறையும், அடுத்த வாட்டி எடுக்கறன் சாமி என்பாள். ஆயுதபூஜை கழிந்தால் வண்டி கிளம்பும். வலைகள் தைவரை தொங்கும். நான்தான் கயிற்றுக்கு உள்ளே போய்க்கொண்டிருக்கிறேன்.